வத்தல்மலை ஏற்றத்தில் நின்ற கார்

காலை 6.10-க்கு ஈரோட்டிலிருந்து கிளம்பினேன். என் கார் பழைய ஹைபிரிட். பெட்ரோல் எஞ்சினும் ஒரு பெரிய பேட்டரியும் சேர்ந்து இழுக்கும் வகை. பதின்மூன்று வருடமாகிறது. நூற்பாலை அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, பார்த்த ஊரெல்லாம் இதில் போய்ப் பார்த்ததுதான். "புது பேட்டரி விலைக்கு வண்டியே விலை போகாதுங்க. இது போச்சுன்னா வித்துருங்க" என்று எங்கள் ஊர் மெக்கானிக் சொல்லியிருந்தார். விற்றுவிட்டால் இப்படிக் கிளம்புவதும் அன்றோடு நின்றுவிடும்.

தொப்பூர் கணவாய் ஏறும்போதே பின் சீட்டுப் பக்கம், பேட்டரியைக் குளிர்விக்கும் விசிறி இரையத் தொடங்கியது. ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொண்டேன்.

9.00 மணி, தருமபுரி. பேருந்து நிலையத்தருகே சிற்றுண்டி. "ஒருத்தர்தானுங்களா?" என்று கேட்டுவிட்டு, சர்வர் சுவரைப் பார்த்த ஒற்றை நாற்காலியைக் காட்டினார். மூன்று இட்லி, ஒரு வடை, காபி: 65 ரூபாய். அங்கிருந்து வத்தல்மலை இருபத்தைந்து கிலோமீட்டர்.

10.20 மணி. அடிவாரம் தாண்டி ஐந்தாவது கொண்டை ஊசி வளைவில் திரையில் சிவப்பு முக்கோணம் எரிந்தது. மிதித்தேன், எஞ்சின் முனகியது, வண்டி நகரவில்லை. பார்க்கிங்கில் போட்டு, இறங்கி, பின் சக்கரங்களுக்குக் கல் வைத்தேன். செல்போனில் சிக்னல் இல்லை. கீழே தருமபுரிச் சமவெளி வெயிலில் வெளுத்துக் கிடந்தது. சத்தம் என்று சொல்ல, சூடான வண்டி டக் டக்கென்று ஆறுவது மட்டும்தான்.

முக்கால் மணி நேரம் கழித்து ஒரு மோட்டார் சைக்கிள் ஏறி வந்தது. மலையில் சாமை விதைக்கும் அண்ணாமலையும் அவர் மனைவி பொன்னியும். சந்தைக்குப் போய்த் திரும்புகிறவர்கள். விஷயத்தைக் கேட்டதும் அண்ணாமலை யோசிக்கவே இல்லை.

"டவுன்ல சரவணன்னு ஒருத்தரு இருக்காருங்க. பெங்களூர்ல இந்த மாதிரி வண்டியப் பாத்தவரு. கீழ போனா டவர் கிடைக்கும், கூப்புட்டு அழச்சிட்டு வாறேன்."

பொன்னி பின்னால் ஏறவில்லை. "நான் இங்கயே இருக்கறேன். ஒத்தையில எப்பிடி வுட்டுட்டுப் போறது?"

சாலையோர நிழலில் உட்கார்ந்தோம். பையிலிருந்து கொய்யாவை எடுத்து எனக்குப் பெரியதாக ஒன்றைக் கொடுத்தாள்.

"வூட்டுல யாரு இருக்காங்கக்கா?"

"யாருமில்ல."

நான் எதிர்பார்த்த 'ஐயோ' வரவில்லை. "அப்படின்னா இன்னிக்கே திரும்போணும்னு இல்லியே. எங்க வூட்டுல தங்கிட்டுப் போங்க. ராத்திரிக்குக் குளிரும், போர்வை இருக்குது."

சிரித்து மழுப்பினேன்.

12.40 மணி. அண்ணாமலைக்குப் பின்னால் தன் பைக்கில் சரவணன் வந்தார், நாற்பது வயதிருக்கும். பின் சீட்டைக் கழற்றி, ரப்பர் கையுறை போட்டு, பேட்டரியிலிருந்து ஆரஞ்சு நிறப் பிளக் ஒன்றை உருவினார். "பத்து நிமிஷம் யாரும் தொடாதீங்க. உள்ள தங்குன கரண்ட் இறங்கோணும்." நான்கு பேரும் தள்ளி நின்றோம்.

பிறகு விசிறியின் காற்றுப்பாதையைத் திறந்தார். சாம்பல் நிற முடி, தலையணைப் பஞ்சுபோல் அடைத்துக்கொண்டு வெளியே வந்தது.

"நாய் கூட வருமுங்களா?"

"வந்துட்டிருந்துச்சு. டாமி. போன ஐப்பசியில செத்துப்போச்சு."

அவன் பதினோரு வருடம் அந்தப் பின் சீட்டில் படுத்து வந்தவன். அவன் இல்லாமல் நான் கிளம்பிய முதல் பயணம் இது. சரவணன் முடியை உடனே வீசவில்லை. கையில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். "போட்டுடுங்க" என்றேன். பொன்னி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"காத்து போவாம சூடேறித்தான் நின்னுருக்குது. பேட்டரிக்குள்ள ஒரு செல்லு வேற பலம் கம்மியா காட்டுது. மாத்தற வரைக்கும் மேல ஏறாதீங்க. மெதுவா எறங்கி வூடு போயிரலாம். ஏசி போட்டே ஓட்டுங்க, அந்தக் காத்துதான் பேட்டரிக்கும் போவுது." பிளக்கைத் திரும்ப மாட்டி வண்டியைக் கிளப்பியதும் சிவப்பு முக்கோணம் அணைந்திருந்தது. கூலி 1,800 ரூபாய். செல்லை மட்டும் பின்னர் மாற்றலாமாம். வண்டியை விற்க வேண்டியதில்லை.

"வண்டி இவரு பட்டறையில நிக்கட்டும், நீங்க பஸ்ஸுல மேல வாங்க" என்றாள் பொன்னி. "சாயங்காலம் பஸ் இருக்குது."

தங்கச் சொல்லி ஒருவர் கேட்டு வருடங்கள் ஆகின்றன. ஆனால், "இல்ல பொன்னி, இன்னொரு நாள்" என்றுதான் வாயில் வந்தது. ஏன் என்று இன்றுவரை தெரியவில்லை. எதுவும் வேண்டாம் என்று சொல்லிப் பழகிய வாய்.

"உங்க இஷ்டம்க்கா." அவள் முகம் சுருங்கியது தெரிந்தது. மோட்டார் சைக்கிள் மேலே போனது. அடுத்த வளைவில் ஒருமுறை கையசைத்தாள்.

அடிவாரம்வரை சரவணன் பைக்கில் முன்னால் போனார். பிரியும்போது தன் நம்பரைக் கொடுத்து, "வூடு சேந்ததும் ஒரு போன் போடுங்க" என்றார்.

மாலை 6.05. ஈரோடு. குடியிருப்பின் கீழ்த்தளத்தில் நிறுத்தி, வண்டியிலிருந்தே அழைத்தேன். பின்னணியில் எதையோ அறுக்கும் சத்தம்.

"யாருங்க? எந்த வண்டி?"

"மலையில நின்ன வண்டி. வந்து சேந்துட்டேன்."

"ஓ, அக்காவா! லைட்டு எதும் எரியலீங்களே? அப்பச் சரிங்க." வைத்துவிட்டார்.

பேசியது கால் நிமிடம்கூட இராது. வந்து சேர்ந்துவிட்டேன் என்று சொல்ல அவரைத் தவிர வேறு ஆள் இல்லை. சீட் பெல்ட்டைக் கழற்றாமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.