கலத்துக்குள் மறந்த வளையம்

அந்த ஆய்வுக்கூடத்தில் அவரைக் கசிவண்ணன் என்றால்தான் தெரியும். வெற்றிடக் கலத்தில் காற்று எங்கே கசிகிறது என்பதைக் காதை வைத்தே சொல்லிவிடுவார் என்று பேச்சு. உண்மையில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் மூட்டுகளைத் தொட்டு, அழுத்த அளவியின் முள் எங்கே துள்ளுகிறது என்று பார்ப்பார். புகழ் மட்டும் காதுக்குப் போய்விட்டது. பதினோரு வருடமாகத் தற்காலிக ஊழியர். அங்கே தற்காலிகம் அவ்வளவு நீளம்.

கலத்துக்குள் நடப்பது பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. மின்சாரம் பாய்ச்சி வாயுவை உடைத்தால் பிளாஸ்மா. அதில் இன்னொரு வாயுவைக் கொஞ்சம் விட்டால், அது சும்மா திரியும் எலக்ட்ரான்களைப் பிடித்து மடியில் உட்காரவைத்துக்கொண்டு எதிர்மின் அயனியாகிவிடும். ஒரு கோடியில் கம்பிவலை அலையை எழுப்பும், மறுகோடியில் தகடு அதைத் திருப்பியனுப்பும். நடுவில் இருக்கும் உணர்கம்பி திரையில் இரண்டு மேடுகளைக் காட்டும்: போகிற அலை, திரும்பி வருகிற அலை.

பேராசிரியர் சொன்னபடி நான்கு மாதம், வாரம் ஒரு விரற்கடை, கசிவண்ணன் கலத்தைத் திறக்காமல் வெளியிலிருந்தே தகட்டைப் பின்னுக்கு நகர்த்தினார். தகடு தள்ளிப்போனால் திரும்பும் அலை தாமதமாக வர வேண்டும். இரண்டாவது மேடோ இம்மியும் அசையவில்லை. சாதாரண மனிதனுக்கு இதில் சந்தேகம் வரும். பேராசிரியருக்குக் கட்டுரை வந்தது. எதிர்மின் அயனிகள் பிரதிபலிப்பின் நேரத்தையே கட்டிப்போடுகின்றன என்று எழுதி, அச்சாகியும் விட்டது. அந்தக் குஷியில், கசிவண்ணனை நிரந்தரமாக்கும் கடிதம் அவர் மேஜையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது.

கையெழுத்தாக வேண்டிய அன்று காலை பார்த்துத்தான் கசிவண்ணன் கலத்தைத் துடைக்கத் திறந்தார். வலையைத் தாங்கும் தண்டின் பின்கோடியில், போன வருடம் தாமே மாட்டிவைத்து மறந்த எஃகு வளையம். வலைக்குப் போன மின்துடிப்பு அதற்கும் போயிருக்கிறது. இரண்டாவது அலை எங்கேயும் போய்த் திரும்பவில்லை, அங்கேயே பிறந்திருக்கிறது.

மனைவிக்குப் போன் போட்டுச் சொன்னார்.

"வாய மூடிட்டு இருங்க. கையெழுத்து ஆகட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்."

"அப்புறம் சொன்னா என்னை எவன் நம்புவான்?"

"இத்தன வருஷம் நம்பி என்னத்தக் குடுத்தாங்க?"

கசிவண்ணன் போனை வைத்தார். வளையத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு பேராசிரியர் அறைக்குப் போனார்.

"சார், உங்க ரெண்டாவது அலைய நான்தான் மாட்டி வச்சிருந்தேன்."

பேராசிரியர் வளையத்தைப் பார்த்தார், கடிதத்தைப் பார்த்தார், வேறு யாராவது பார்த்தார்களா என்று மெல்ல விசாரித்தார். கசிவண்ணன் பதினோரு வருடத்தையும் மனதுக்குள் மூட்டை கட்டிவிட்டார்.

"அதே இடத்துல, முடியளவு பிசகாம, திரும்ப மாட்ட முடியுமா?" என்றார் பேராசிரியர்.

ஆறு மாதத்தில் இரண்டாவது கட்டுரை வந்தது. முதலாவது, அலைகளின் பிரதிபலிப்பைப் பற்றியது. இது அலைகளின் உருவாக்கத்தைப் பற்றியது. முதல் கட்டுரையை வாசகர்கள் தவறாகப் புரிந்துகொண்டதைப் பேராசிரியர் அதில் பெருந்தன்மையோடு மன்னித்திருந்தார். வளையத்துக்குத் 'துணை அலைமூலம்' என்று பெயரும் ஒரு பதிவெண்ணும் கிடைத்தன. அதைச் சரியாக மாட்டத் தெரிந்த ஒரே ஆள் என்பதால் கசிவண்ணனும் நிரந்தரமானார்.

இப்போது கலத்தின் கதவில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது, அவர் கையெழுத்திலேயே: வளையத்தை மாட்ட மறக்காதீர்கள்.