வெள்ளிக்கிழமை மூலையில் கேட்டது

பர்மாவின் மோல்மேனில், சந்தை முனையில் மொய்ங்கா என்கிற மீன் நூடுல்ஸ் விற்கிற மா தஸினைத் தெரியாதவர்கள் குறைவு. மீனும் வாழைத்தண்டும் போட்டுக் குழம்பு வைப்பதில் அவளுக்கு நல்ல கை. வெள்ளிக்கிழமை மட்டும் உப்பு கரிக்கும். தான் பிறந்த கிழமையில் மீன், இறைச்சி தொடுவதில்லை என்று அவளுக்கு ஒரு விரதம். அன்றைக்கு உப்புப் பார்ப்பது கணவன் கோ லுவினின் பாடு. அவன் படகு எஞ்சின் பழுது பார்க்கிறவன், நாக்கைப் பற்றி அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. வாடிக்கைக்காரர்கள் கூடவே ஒரு கோப்பை வெறுந்தேநீர் குடித்துவிட்டு வாயைத் திறக்காமல் போய்விடுவார்கள்.

விரதமே ஒரு பிள்ளைக்காகத் தொடங்கியதுதான். கல்யாணமாகிப் பல வருஷம் ஓடியும் வயிறு திறக்கவில்லை. யாங்கூன் டாக்டர் வரைக்கும் போய்ப் பார்த்தார்கள். கை விரித்துவிட்டார். தஸின் மட்டும் விடவில்லை. கடையைக் கட்டியதும் மலைமேல் இருக்கும் புத்தர் கோயிலுக்கு, பகோடாவுக்கு, ஏறுவாள். அங்கே பிறந்த கிழமைக்கு ஒரு மூலை உண்டு. தன் வெள்ளிக்கிழமை மூலையில் இருக்கும் புத்தருக்குத் தண்ணீர் ஊற்றி, மனதில் சங்கல்பம் சொல்லிவிட்டு இறங்குவாள்.

படிக்கட்டில் பூ விற்கும் மா நின் அவளுக்குச் சிறு வயதுத் தோழி. வாய்த்துடுக்குக்காரி. ஒருநாள் தாமரை மொட்டைக் கையில் கொடுத்தபடி கேட்டாள்.

"ஏண்டி, இத்தனை வருஷமா அங்க நின்னு என்னதான் கேக்குற?"

"தெரியாத மாதிரி கேக்குறியே. கொழந்தைதான்."

"கொழந்தை வேணுமா, வயித்தத் தள்ளிட்டுத் தெருவுல நடக்கணுமா? ரெண்டும் வேற வேற. எது வேணும்னு ஒனக்கே தெரியல, அவரு எதைக் குடுப்பாரு?"

தஸினுக்குச் சுருக்கென்றது. பூவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விறுவிறுவென்று மேலே போய்விட்டாள். கொஞ்ச நாள் தெற்குப் பக்கப் படியில் சுற்றிக்கொண்டு ஏறினாளே தவிர, நின்னின் முகத்தில் விழிக்கவில்லை.

ஆனால் அந்தச் சொல் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. தண்ணீர்க் குவளையைக் கையில் பிடித்துக்கொண்டு, வழக்கமான வார்த்தைகளைச் சொல்லிப் பார்த்தாள். உதட்டோடு நின்றுவிட்டன. மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தாள். ஒருநாள் தானாகவே வாயில் வந்தது: "என் வீட்டுல ஒருத்தி என்னை 'அமே'ன்னு கூப்பிடணும்." அமே, அம்மா. சொன்னதும் நெஞ்சுக்குள் ஏதோ இறங்கி அமர்ந்த மாதிரி இருந்தது. தண்ணீரை ஊற்றி முடிக்கக்கூட மறந்து நின்றாள்.

வீட்டுக்கு வந்து லுவினிடம் சொன்னாள். அவன் எஞ்சின் பாகம் ஒன்றை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தான்.

"ஒருத்தின்னா சொன்ன? ஒருத்தன்னு வரலையா?"

"ஒருத்தின்னுதான் வந்துச்சு, கோ."

"அப்ப பொண்ணு. சரி, எங்கன்னு தேடுவோம்." துணியில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

ஊர்க்கோடியில் ஒரு பிக்குணிகள் மடம். தாய் தகப்பன் இல்லாத பெண் குழந்தைகளுக்குத் தலையை மழித்து, ரோஜாநிறத் துணி கட்டி வளர்க்கிறார்கள். யாரோ விட்டுப்போன கைக்குழந்தை ஒன்று அங்கே வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, ஒரு வெள்ளிக்கிழமை மொய்ங்காப் பானையோடு இருவரும் போனார்கள். தலைமைப் பிக்குணி குழந்தையைத் தூக்கி தஸினின் மடியில் வைத்தார். பொம்மை மாதிரி இருந்தது. சிரித்தது. தஸின் முகர்ந்து பார்த்தாள், கொஞ்சினாள். நெஞ்சு மட்டும் சும்மா இருந்தது. அது ஏனென்று அவளுக்கே பயமாகிவிட்டது.

அந்த நேரம் பார்த்து வெளியே ஒரு கத்தல்.

"செருப்பு! செருப்பு! இப்பத்தான் கழுவி விட்டேன். கண்ணு இருக்கா இல்லையா பெரியப்பா?"

ஈரத்தரையில் லுவின் ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தான். எதிரே விளக்குமாறோடு ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி. யே என்கிற ஊர்ப் பக்கத்து மோன் இனப் பெண், பெயர் மி சோன். பிறகு பந்தியில் உட்கார்ந்து எல்லோரும் மரியாதைக்குத் தலையாட்டிச் சாப்பிட, அவள் மட்டும் ஒரு வாய் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"உப்பு ஜாஸ்தி. யாரு வெச்சது?"

லுவின் குனிந்துகொண்டான். தஸின் அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டாள். சிரிப்பு நின்றபோது கண்ணில் நீர் முட்டியிருந்தது.

திரும்பும்போது மோட்டார்சைக்கிளில் பாலம் தாண்டியதும் லுவின்தான் ஆரம்பித்தான்.

"அந்தக் கொழந்தை அழகாத்தான் இருந்துச்சு."

"ஆமா."

"நீ நெனக்கிறது அது இல்ல, என்ன?"

"இல்ல, கோ."

"தெரியும். அந்த வெளக்கமாத்துக்காரி வந்தா நம்ம ரெண்டு பேரையும் வேலைக்காரங்களா வெச்சுக்குவா."

தெருவில் கேட்டவர்கள் எல்லாம், கையில் கிடைக்கிற குழந்தையை விட்டுவிட்டு வளர்ந்ததைப் போய்க் கேட்கிறாளே, பைத்தியமா என்றார்கள். தலைமைப் பிக்குணியோ, "அவளையே கேளு, அவ சரின்னா எனக்கும் சரி" என்றார். தஸின் மி சோனிடமே கேட்டாள்.

"எனக்கு அமே இருந்தாங்க. செத்துட்டாங்க," என்றாள் மி சோன். "இன்னொருத்தர் எதுக்கு?"

தஸின் பானையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அன்றைக்கு மாலை பகோடாவில் வெகுநேரம் நின்றாள். தான் கேட்டது அந்தப் பெண்ணின் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது. "கூப்பிட வேண்டாம். அவ இருக்கிற எடத்துல நானும் இருந்தாப் போதும்," என்று சொல்லித் தண்ணீர் ஊற்றினாள். இறங்கும்போது நின்னிடம் போய்ப் பூ வாங்கினாள். "வழி தெரிஞ்சிடுச்சா?" என்று மா நின் இடத்தை ஒதுக்கிக் கொடுக்க, அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து நடந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தாள்.

அதிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் பானை மடத்துக்குப் போனது. உப்புப் பார்க்க ஆள் வேண்டும், வேறு பேச்சில்லை. மி சோன் கரண்டியை நக்கிவிட்டுத் தீர்ப்புச் சொல்வாள். "மஞ்சள் கம்மி." "இஞ்சி கருகிப்போச்சு." ஒருமுறை, "இன்னைக்குப் பரவால்ல" என்றபோது தஸினுக்குத் தங்க மெடல் வாங்கின மாதிரி இருந்தது. மழைக்காலத்தில் ஒரு வாரம் தஸின் காய்ச்சலில் படுத்துவிட்டாள். அடுத்த வாரம் போனால், வாசலிலேயே நின்றிருந்தாள் மி சோன்.

"ஏன் வரல? சொல்லிட்டுப் படுத்திருக்கலாமில்ல?"

வருஷப்பிறப்புத் தண்ணீர்த் திருவிழாவுக்கு வீட்டுக்கு வா என்று கூப்பிட்டதும் வந்தாள். தெருப்பிள்ளைகளை எல்லாம் நனைத்துவிட்டு, விழா முடிந்தும் போகவில்லை. "அடுப்பங்கரை அலங்கோலமா இருக்கு, ஒழுங்கு பண்ணிட்டுப் போறேன்," என்றாள். ஒழுங்கு பண்ணி முடிவதற்குள் தலையில் முடி காது வரை வளர்ந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் சேர்க்க லுவினே போனான்.

அவள் தஸினைச் சித்தி என்றுதான் கூப்பிடுகிறாள். முதலில் ஒவ்வொரு தடவையும் தஸினுடைய காது வேறொரு சொல்லுக்காகக் கூர்மையாகும். அது எப்போது நின்றது என்று அவளுக்கே தெரியாது. பகோடாவுக்கு இப்போதும் ஏறுகிறாள். தண்ணீர் ஊற்றுகிறாள். கேட்க ஒன்றும் தோன்றாமல், சும்மா நின்று காற்று வாங்கிவிட்டு வருகிற நாட்களே அதிகம்.

மி சோனுக்கு இப்போது பதினைந்து. கடைக்குக் குட்டை முக்காலிகள் ஆகாது, முதுகு சாய்கிற நாற்காலி வேண்டும் என்று ஒரே பிடிவாதம். "மொய்ங்கா குடிக்க வர்றவன் தூங்கவா வர்றான்?" என்று லுவின் சண்டை போட்டான், தோற்றான். நேற்றுச் சாயங்காலம் மூன்று பேருமாக வாசலில் உட்கார்ந்து நாற்காலிகளுக்குப் பச்சை வர்ணம் அடித்துக்கொண்டிருந்தார்கள். லுவின் தன் சட்டையிலேயே பாதியை அடித்துவிட்டான்.