கப்பலில் வந்த கனடா

நூலகத்தின் செய்தித்தாள் அறையில் வேலை பார்ப்பவளுக்குச் சம்பளம் பேப்பர் அடுக்குவதற்கு அல்ல, பேப்பர் வாசித்தவர்களின் அபிப்பிராயங்களைக் கேட்பதற்குத்தான்.

தபால் கந்தோரோ, வங்கியோ, மருந்துக்கடையோ, கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைத்தவர்கள் இதை உடனே ஒப்புக்கொள்வீர்கள். நமக்கெல்லாம் காலைவிடக் காதுதான் அதிகம் வலிக்கும். எனக்கு வாய்த்தது மெல்பேர்னில் ஒரு பெரிய நூலகம். எழுபதுகளில் வெளிநாட்டுப் பேப்பர்கள் கப்பலில்தான் வரும். கட்டைப் பிரித்தால் மையும் ஈரமும் கலந்த ஒரு வாசம் எழும்பும். உயரத்துக் கூரைக் கண்ணாடி வழியாக வெளிச்சம் மெதுவாக இறங்கி மேசைகளின்மேல் படுத்துக் கிடக்கும். ஒவ்வொரு மேசையும் ஒரு நாடு. கையில் பேப்பரோடு நான் இத்தாலியிலிருந்து கிரேக்கத்துக்கு நாலு எட்டில் போய்விடுவேன். பிற்பகல் நேரங்களில் நான் எந்த ஊரில் நிற்கிறேன் என்பதே மறந்துபோகும். அது ஒரு சுகமான மறதி.

ஆனால் என் கண் எப்போதும் கனடா மேசையில்தான். என் கணவர் நாதனின் அண்ணா மொன்றியலில் இருந்தார். தன்னுடைய கம்பெனியிலேயே வேலை எடுத்துத் தருவதாகச் சொல்லி, எங்களைக் கனடாவுக்குக் குடியேறச் சொல்லிக்கொண்டிருந்தார். நாதன் அப்போது நகரத்துக்கு வெளியே டண்டினொங்கில் ஒரு தொழிற்சாலையில், படித்த படிப்புக்குச் சம்பந்தமில்லாத வேலையில் இருந்தார். விசாவுக்கு விண்ணப்பம் போட்டாயிற்று. ஏழு வயது மகள் வசந்தியைத் தூக்கிக்கொண்டு இன்னொரு தடவை கடல் தாண்டுவதா, இங்கேயே இருப்பதா? ஒரு வருடமாக எங்கள் வீட்டில் வேறு பேச்சு இல்லை.

இன்னும் ஆறு கிழமை

கனடா மேசையின் நிரந்தரக் குடிமகன் கோர்டன். வினிப்பெக்கில் ரயில்வேயில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மெல்பேர்னில் வாழ்க்கைப்பட்ட மகளோடு வந்து தங்கியிருந்தார். ஒரு கட்டுக்குள் எத்தனை பேப்பர் வந்தாலும் நாளுக்கு ஒன்றுதான் வாசிப்பார், அதுவும் திகதி வரிசையில். அடுத்த நாளை எட்டிப் பார்க்கவே மாட்டார். கப்பல் எடுத்துக்கொண்ட ஆறு கிழமையும், அந்த ஒன்றரை மாதமும், அவருடைய வாழ்க்கையில் அப்படியே பிந்தியிருந்தது. அதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை.

ஒரு நவம்பர் காலை, கியூபெக் மாகாணத் தேர்தலில் கனடாவை விட்டுப் பிரிய வேண்டும் என்கிற கட்சி வென்றுவிட்டதாக வானொலி சொன்னது. பிரெஞ்சு பேசுகிறவர்களின் மாகாணம் அது. நாங்கள் போகவிருந்த மொன்றியல் அதற்குள்தான் இருக்கிறது. கைப்பையைக்கூட வைக்காமல் கோர்டனிடம் ஓடினேன். அவர் அக்டோபர் தொடக்கத்துப் பேப்பரில் ஆழ்ந்திருந்தார். அவருடைய கனடாவில் அந்தத் தேர்தலை இன்னும் அறிவிக்கவே இல்லை. “கோர்டன், கியூபெக்கில்...” என்று நான் வாயைத் திறந்ததும் கையை உயர்த்தினார்.

“சொல்லாதீர்கள், மிஸஸ் நாதன். இன்னும் ஆறு கிழமைக்கு என் நாடு ஒன்றாகத்தான் இருக்கிறது.”

அதே ராணி

என் மேலதிகாரி மிஸ் பீட்டர்ஸுக்கு ஆஸ்திரேலிய அரசியலே போதும் போதும் என்று ஆகிவிட்டிருந்தது. ராணியின் ஆளுநர் பிரதமரையே பதவி நீக்கி வீட்டுக்கு அனுப்பிய அமளி நடந்து ஒரு வருடம் கழிந்தும், தேநீர் அறையில் இரண்டு கட்சிக்காரர்களும் தனித்தனிக் கதிரைகளில் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் இருந்தார்கள். நடுவில் ஒரு பிஸ்கட் தட்டு மட்டும் கட்சி பேதம் இல்லாமல் போய்வரும்.

“கனடாவில் அரசியல் எப்படி இருக்கும்?” என்று அவரிடம் ஒருநாள் அப்பாவியாகக் கேட்டுவிட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“இங்கே மாதிரித்தான், மிஸஸ் நாதன். அதே ராணி, கொஞ்சம் தடித்த கோட்டு.”

வெயிலில் ஒரு பனிப்புயல்

பெப்ரவரியில் மெல்பேர்ன் வெயில் உங்களுக்குத் தெரியும். தார் ரோட்டில் செருப்பு ஒட்டும். அன்றைக்கு அறையில் காற்றே இல்லை. இத்தாலி மேசை தூங்கி வழிந்தது. கோர்டன் மட்டும் ஜனவரிப் பேப்பரைப் பிடித்துக்கொண்டு கோட்டின் மேல் பொத்தானைப் போட்டார். வினிப்பெக்கில் பனிப்புயல், தெருவைத் துப்புரவாக்க நகரசபை ஆள் அனுப்பவில்லை. அவர் விட்ட பெருமூச்சில் எனக்கே குளிர்ந்தது. பேப்பரில் இருந்த படத்தில் வெள்ளையைத் தவிர வேறொன்றும் இல்லை. அதைப் பார்த்தபடி எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. அந்த வெள்ளைக்குள் வசந்தி ஒரு சிவப்புத் தொப்பியோடு நடந்து போவது மாதிரி இருந்தது. பயமாகவும் இருந்தது, வடிவாகவும் இருந்தது.

கோர்டனுக்குக் கோபம் நகரசபையோடு நிற்கவில்லை. வெப்பநிலையை பாரன்ஹீட்டில் சொல்லாமல் செல்சியஸில் சொல்ல வைத்த தலைநகர் ஒட்டாவாவின் அரசாங்கத்தின் மேலும் அவருக்குத் தீராத வழக்கு இருந்தது. தன் ஊர்க் குளிரையே யாரோ திருடிவிட்டதாகப் புலம்புவார். அன்றைய பேப்பரில் மைனஸ் நாற்பது என்று போட்டிருந்தது. அதைப் பார்த்ததும் அவருடைய முகம் மலர்ந்துவிட்டது.

“மைனஸ் நாற்பதில் இரண்டு அளவும் ஒன்றுதான், மிஸஸ் நாதன். அந்தக் குளிரில் எந்த மந்திரியாலும் என்னை ஒன்றும் செய்ய முடியாது.”

லூசில் கேட்ட சட்டம்

அதே மேசையின் மறுபக்கத்தில் சனிக்கிழமைகளில் லூசில் வந்து உட்காருவார். மொன்றியல்காரி, பிரெஞ்சுக்காரி, மெல்பேர்னில் ஒரு கேக் கடையில் வேலை. வருகிற ஒரே பிரெஞ்சுப் பேப்பர் அவருக்குத்தான். கியூபெக் பிரிந்துதான் ஆகவேண்டும் என்பது அவருடைய கட்சி. அவரும் கோர்டனும் ஒரே மேசையில் வருடக்கணக்காக உட்கார்ந்து ஒரு ‘குட் மார்னிங்’கூடப் பரிமாறியதில்லை.

எங்களுக்கு விசா வந்து சேர்ந்த அந்த ஆகஸ்ட் குளிர்காலத்திலேயே கியூபெக்கில் பாஷைச் சட்டமும் வந்தது. புதிதாகக் குடியேறுகிறவர்களின் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துக்குத்தான் போக வேண்டும். அண்ணா தொலைபேசியில் சொன்னதும் நாதன் கொதித்துப்போனார். இலங்கையில் சிங்களம் மட்டுமே அரச மொழி என்று சட்டம் வந்தபின், சிங்களச் சோதனை எழுத மாட்டேன் என்று கொழும்பில் அரசாங்க வேலையை உதறிவிட்டு வந்த மனிதர் அவர்.

“இஞ்சேரும், ஒரு பாஷைச் சட்டத்துக்குத் தப்பி ஓடி வந்தனாங்கள். இப்ப பிள்ளையை இன்னொண்டுக்குள்ள கொண்டுபோய் விடுறதோ?”

“அங்க பெரிய சனம் எங்கட பாஷையை அமத்தினது. இஞ்ச சின்னச் சனம் தன்ர பாஷையைக் காப்பாத்தப் பாக்குது. ரெண்டும் ஒண்டோ?” என்றேன்.

“ஏழு வயசுப் பிள்ளைக்கு ரெண்டும் ஒண்டுதான்!”

அவர் சொன்னதும் சரி, நான் சொன்னதும் சரி. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. அடுத்த சனிக்கிழமை லூசிலிடமே போய்ச் சண்டைக்கு நின்றேன். அவருக்கும் தங்கை தொலைபேசியில் சொல்லியிருந்தாள். எதிரே இருந்த கோர்டனின் ஜூலை மாதத்தில் அந்தச் சட்டம் இன்னும் நிறைவேறவில்லை. ஆகவே அவர் பேப்பரை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். “பிள்ளைகளைப் போய் ஏன் கட்டாயப்படுத்த வேண்டும்? உங்கள் பாஷையில் நம்பிக்கை இருந்தால் சட்டம் எதற்கு?” என்று கேட்டேன். லூசில் கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் பேப்பரை நாலாக மடித்து, மடிப்பை நகத்தால் நீவிவிட்டு, மெதுவாகச் சொன்னார்:

“என் மகன் மெல்பேர்னில் பிறந்தவன், மிஸஸ் நாதன். பசிக்கிறது என்றுகூட அவனுக்குப் பிரெஞ்சில் சொல்லத் தெரியாது. அதனால்தான் அங்கே எனக்கு அந்தச் சட்டம் வேண்டும்.”

கனடா மேசையில் ஒரு குடும்பம்

விசா காலாவதியாக இரண்டு கிழமைதான் இருந்தது. திங்கட்கிழமை டிக்கட்டை உறுதிப்படுத்த வேண்டும், இல்லையென்றால் விட்டுவிட வேண்டும். அந்தச் சனிக்கிழமை என்னைக் கூட்டிப்போக நாதன் வசந்தியோடு நூலகத்துக்கு வந்தார். என் வேலை முடிய இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. “கடைசியாக ஒருக்கா பாத்திட்டு முடிவெடுப்பம்” என்று சொல்லிக் கனடா மேசையில் கோர்டனுக்கும் லூசிலுக்கும் நடுவில் போய் உட்கார்ந்தார். வசந்தி பென்சிலும் காகிதமும் எடுத்துக்கொண்டு மேசையின் நுனியில் குந்தினாள். வசந்த காலத்து வெளிச்சம் அவளுடைய தலைமயிரில் விழுந்துகொண்டிருந்தது.

அன்றுதான் கோர்டனின் பேப்பரிலும் பாஷைச் சட்டம் நிறைவேறியிருந்தது. ஆகவே அவரும் வாயைத் திறக்கத் தகுதி பெற்றுவிட்டார். மொன்றியலுக்குப் போகாதீர்கள், கம்பெனிகள் எல்லாம் ரொறன்ரோவுக்கு ஓடுகின்றன, போவதென்றால் வினிப்பெக்குக்குப் போங்கள் என்று நாதனிடம் ஆரம்பித்தார். ஓடுகிறவர்கள் ஓடட்டும், அவ்வளவு காலமும் அங்கே இருந்துகொண்டு ஒரு வார்த்தை பிரெஞ்சு படித்தார்களா என்று லூசில் அவரையே நேராகப் பார்த்துக் கேட்டார். வருடக்கணக்கான மௌனம் என் கணவரின் தலைக்கு மேலாக அப்படி உடைந்தது. ரஷ்யா மேசை திரும்பிப் பார்த்து முறைத்தது. நான் “உஷ்” என்று சொல்ல வேண்டியவள். சொல்லவில்லை. யாராவது ஒருவர் வெல்லட்டும், அதன்படி நடந்துவிடலாம் என்று கள்ள ஆசையோடு கேட்டுக்கொண்டு நின்றேன். யாரும் வெல்லவில்லை.

நாதன் இரண்டு பேரையும் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் தோளைக் குலுக்கினேன். பிறகு வசந்தியின் பக்கம் திரும்பி, எங்கள் தமிழில், மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

“பிள்ளை, நீங்கள் சொல்லுங்கோ. கனடாவுக்குப் போவமோ, இஞ்சயே இருப்பமோ?”

வசந்தி தலையை நிமிர்த்தவே இல்லை. “ஹியர் இஸ் ஃபைன், அப்பா,” என்றாள். “கேன் வீ கோ ஹோம் நவ்?”

நாதன் சிரித்துவிட்டார். ஒரு வருடத்துப் பாரம் இறங்கிய சிரிப்பு. எனக்கும் கண் கலங்கியது. போகத் தேவையில்லை என்ற நிம்மதி எனக்குள் எவ்வளவு பெரிதாக இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. கோர்டன் எழுந்து நாதனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். லூசில் மட்டும் வசந்தி வரைந்துகொண்டிருந்ததையே பார்த்தபடி இருந்தார். நான் கைப்பையை எடுத்துக்கொண்டு புறப்பட்டபோது என் முழங்கையை மெல்லத் தொட்டார்.

“முடிவு நல்ல முடிவுதான், மிஸஸ் நாதன். அதை அவள் எந்த மொழியில் சொன்னாள் என்று கேட்டீர்களா?”

ஒரு பாஷைச் சட்டத்துக்குத் தப்பி வந்து, இன்னொரு பாஷைச் சட்டத்துக்குப் பயந்து போகாமல் நின்ற எங்கள் வீட்டில், ஒரு சட்டமும் போடாமலே ஆங்கிலம் ஆட்சிக்கு வந்துவிட்டது.