மதாம் கேட்ட தெண்டம்

மகளுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். என்னைப் போலவே மதாமிடம் உதவித்தொகை வாங்கிப் படித்த செல்வி போன் செய்தாள். "ஏய் சத்யா, ரெஜினா மதாம் போய்ட்டாங்கடி. காலைல எழுப்பப் போனா, தூக்கத்துலயே..." கை நழுவிப் பிள்ளையின் விரலில் ரத்தம் துளிர்த்தது. அவள் வீரிட்டாள். அந்த மனுஷி தூக்கத்தில் போவார் என்று நான் நினைத்ததே இல்லை. யாராவது அடித்துத்தான் கொல்வார்கள் என்று நினைத்திருந்தேன்.

அடக்கம் முடிந்து நாளாகிவிட்டது. பிள்ளைக்குக் காய்ச்சல், இப்போதுதான் எழுத உட்கார்கிறேன். மதாமின் உதவித்தொகையில் பள்ளிப் படிப்பை முடித்த உங்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்து இறந்த கணவரின் பென்ஷனிலிருந்து எடுத்து, ஏழைப் பெண்களைப் பன்னிரண்டாவது வரை படிக்கவைத்தார். என் படிப்புக்கு அவர் என்ன கொடுத்தார் என்பது மட்டும் பலருக்குத் தெரியாது.

எங்கள் வீடு பிள்ளைச்சாவடியில். அப்பாவுக்கு ஒரு ஃபைபர் படகில் பங்கு. பத்தாவது முடிந்ததும் என்னை இறால் உரிக்கும் கம்பெனிக்கு அனுப்புவதென்று முடிவாகியிருந்தது. மதாம் பஸ்ஸில் வந்து இறங்கினார். அந்தக் கூலியைத் தானே மாதாமாதம் தருவதாகவும், பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பும்படியும் சொன்னார். வீட்டு ஆம்பளை கையில் கொடுப்பதுதான் மரியாதை என்று முதல் மாதத் தொகையை அப்பாவிடமே நீட்டினார். அன்று சாயங்காலம் அப்பா சாராயக்கடையிலிருந்து திரும்பினார். யூனிபார்ம் துணிக்குப் பணம் கேட்ட அம்மாவின் முகத்தைச் சுவரில் மோதினார். முன்பல் உடைந்து முந்தானையில் விழுந்தது. என் புத்தகப் பை அடுப்புக்குள் போனது.

"எம் புத்திய செருப்பால அடிக்கணும்" என்றார் மதாம், கேள்விப்பட்டதும்.

அதற்குப் பிறகு அவர் வழக்கமே மாறியது. வந்தவுடன், "கதவத் தெறந்து வைங்க" என்பார். தெருவுக்கே கேட்கும்படி என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, என் கையில் கொடுப்பார். பெண்கள் மீன்கூடையை இறக்கிவைத்துவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள்.

"இன்னா மதாம், எனக்கும் ஒரு ஸ்காலர்ஷிப் போடேன். ஒண்ணாவதுலேர்ந்து வரேன்" என்பாள் எதிர்வீட்டு அஞ்சலை.

"வாயேன், சிலேட்டு நான் வாங்கித் தரேன்."

தெரு சிரிக்கும். ஊர் பார்க்கக் கொடுத்ததை அப்பாவால் பிடுங்க முடியவில்லை. அந்த அவமானத்தை எங்கள் முதுகில் தீர்த்துக்கொண்டார். பெல்ட் தழும்புகளை யூனிபார்ம் மறைத்தது.

பன்னிரண்டாவது பொதுத்தேர்வு நெருங்கும்போது அப்பா என்னை அத்தை மகனுக்குப் பேசி முடித்தார். அதே வாரம் மதாம் வந்து வாசலில் என் பேரைக் கூப்பிட்டார். "எம் பொண்ணு எவ கிட்டயும் கையேந்த மாட்டா, போ" என்று கத்திக்கொண்டே அப்பா என் தலைமயிரைப் பிடித்து உள்ளே இழுத்தார். நிலைப்படியில் நெற்றி மோதி, ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. மூலையில் சாய்த்திருந்த துடுப்பை எடுத்து என் தலைக்கு ஓங்கினார். நடுவில் மதாமின் கை வந்தது. சுள்ளி முறிகிற சத்தம். மணிக்கட்டில் எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே தெரிந்தது. அவர் கத்தவில்லை.

"அடிச்சிட்ட இல்ல? இப்ப அவ மயிர விடு."

அப்பா விட்டுவிட்டார்.

கோயில் முன்னால் ஊர்ப் பஞ்சாயத்து கூடியது. ஊருக்கு வந்த பொம்பளையை அடித்தால் எங்களிடம் தெண்டம் உண்டு. அதைத் தீர்க்காதவன் கடலுக்குப் போக முடியாது. மதாம் போலீஸுக்குப் போகாமல் மாவுக்கட்டோடு அங்கே வந்தார்.

"தெண்டம் எவ்ளோ போடலாம்? நீயே சொல்லும்மா" என்றார் தலைவர்.

"பணம் வேணாம். பொண்ணு பன்னெண்டாவது முடிக்கிற வரைக்கும் கல்யாணப் பேச்சு கூடாது. அவ மேலயும் அவ அம்மா மேலயும் ஒரு அடி விழக் கூடாது. அதான் தெண்டம்."

கூட்டத்தில் ஒரு குரல்: "கை ஒடஞ்சது மதாமுக்கு, பரீட்ச சத்யாவுக்கா?"

"அவ எழுதற கை தப்பிச்சிதே, அது போதும்" என்றார் மதாம்.

அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஊர் முன்னால் தரையில் விழுந்தார். நான் பரீட்சை எழுதினேன். கல்லூரிக்கும் போனேன். பன்னிரண்டாவது ரிசல்ட் வந்த அன்று மதாமிடம், "எங்க வீட்டுக்கு வர உங்களுக்குப் பயமாவே இல்லியா?" என்று கேட்டேன். "பஸ் ஏறும்போதே வயித்தக் கலக்கும். வராம வீட்ல குந்தியிருந்தா இன்னும் கலக்கும்" என்றார்.

சவப்பெட்டியில் அவர் கையில் ஜெபமாலை சுற்றும்போது, கோணியிருந்த மணிக்கட்டை யாரோ நிமிர்த்தப் பார்த்தார்கள். "அத அப்படியே விடுங்க" என்று சொன்னேன். குரல் கொஞ்சம் உரக்க வந்துவிட்டது.

காலாப்பட்டில் தீபா என்ற பெண் மதாமின் உதவியில் பிளஸ் ஒன் படிக்கிறாள். மதாம் செத்ததோடு படிப்பும் போச்சு என்று அவள் அப்பா சொல்லிவிட்டாராம். உதட்டில் தையலோடு அடக்கத்துக்கு வந்திருந்தாள். தொகையைச் செல்வியும் நானும் இன்னும் சிலரும் சேர்த்துவிட்டோம். கொண்டுபோய்க் கொடுக்கத்தான் ஆள் வேண்டும். நான் இன்னும் ராத்திரியில் பயந்துபோய்த் தாழ்ப்பாளைத் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்க்கிறவள். எனக்கும் ஒரு பெண்பிள்ளை இருக்கிறது. மதாம் சொன்ன அந்த வயிற்றுக் கலக்கல் இப்போது என்னிடம் இருக்கிறது. அதோடுதான் நாளைக்குப் பஸ் ஏறுகிறேன். அந்த வாசலில் நின்று முதலில் கதவைத் திறந்து வைக்கச் சொல்வேன். பிறகு தெருவுக்கே கேட்கும்படி தீபாவின் பேரைக் கூப்பிடுவேன்.