வயிற்றை எக்கிய ஏழாம் கிணறு

பூமிக்கடியில் தண்ணீர் எத்தனை ஆழத்தில் கிடக்கிறது என்று அறிய மனிதகுலம் மூளையைக் கசக்கிக் கண்டுபிடித்த கருவியில் மூன்று பாகங்கள் உண்டு: ஐம்பது மீட்டர் இரும்பு நாடா, அதன் நுனியில் ஓர் ஈயக்குண்டு, ஒரு சாக்பீஸ். இவற்றைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடக்க ஓர் ஆளும் வேண்டும். நிலத்தடி நீர் அலுவலகத்தில் அந்த நான்காவது பாகம்தான் டேப்பக்கா.

நாடாவின் அடிப்பகுதியில் சாக்பீஸைத் தடவிக் குழாய்க்குள் இறக்குவாள். தண்ணீர் தொட்ட இடம் வரை சாக்பீஸ் நனைந்து கறுத்திருக்கும். தரையிலிருந்து தண்ணீர் எத்தனை மீட்டர் கீழே இருக்கிறது என்பது அந்தக் கோட்டில் தெரிந்துவிடும். இப்படிப் பத்தொன்பது கண்காணிப்புக் கிணறுகள். கிணறு என்பது மரியாதைக்குச் சொல்வது. ஆறங்குல இரும்புக் குழாயும் ஒரு மூடியும்தான். யாரும் இறைப்பதில்லை, குடிப்பதில்லை. மாதம் ஒருமுறை இவள் வந்து எட்டிப் பார்ப்பது மட்டுமே அவற்றின் வாழ்க்கை.

இந்த உத்தியோகத்தில் ஒரு கோளாறு உண்டு. எண் ஏறினால் தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். பதினோரு வருடம் இப்படியே எண்ணிப் பழகியதில் டேப்பக்காவுக்கு உலகமே தலைகீழாகிவிட்டது. மகள் கணக்கில் நாற்பதிலிருந்து எழுபதுக்கு ஏறி, மார்க் ஷீட்டோடு ஓடிவந்தபோது, "போன தடவை நல்லாத்தானடி இருந்துச்சு" என்று முகம் வாடிப்போனாள். பெண்ணைச் சமாதானப்படுத்த இரண்டு நாள் ஆயிற்று.

அந்தக் கோடையில் பதினெட்டுக் கிணறுகள் ஒழுக்கமாக வற்றிக்கொண்டிருக்க, ஏழாம் நம்பர் மட்டும் அடங்காப்பிடாரியாக மூன்று மாதமாய் மேலே வந்தது. முப்பத்தொன்றில் கிடக்க வேண்டிய தண்ணீர் இருபத்திரண்டில் நின்றது. நாடா வேறு, கோட்டுக்கு மேலேயும் திட்டுத்திட்டாக நனைந்து வந்தது.

இன்ஜினியர் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா, ஏழாம் நம்பருக்கு மட்டும் தனியா மழை பெய்யுதா?"

"அதான் சார் எனக்கும் புரியல."

"உனக்குப் புரியல, எனக்கும் புரியல. மேலிடத்துல யாருக்காவது புரிஞ்சுபோச்சுன்னா நம்ம ரெண்டு பேருக்கும் வம்பு. குழாய் எங்கயாவது ஓட்டையா இருக்கும். அடுத்த அளவும் இப்படியே வந்தா சிமென்ட் ஊத்தி அடைச்சிருவோம். பதினெட்டுன்னு லிஸ்ட் போட்டுக்கலாம். பாக்கவும் லட்சணமா இருக்கும்."

டேப்பக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. கிணற்றின் மீது பாசம் என்று தப்பாக நினைக்க வேண்டாம். ஒரு கேள்வி இருக்கிறது, அதற்கு விடை தெரியாமலே அதன் வாயில் சிமென்டை அடைக்கப்போகிறார்கள் என்பதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. அடுத்த வீட்டில் குக்கர் நாலாவது விசில் அடித்தால் ஏன் என்று போய்க் கேட்டுவிட்டு வருகிற பிறவி அவள்.

அவள் வீட்டுக்காரர் தையல்காரர். அந்த வீட்டில் இரண்டு நாடாக்கள். ஒன்று ஊரார் இடுப்பை அளக்கும், மற்றது பூமியை அளக்கும். சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டே அவர் கதையைக் கேட்டார்.

"எப்பப் போய் அளக்கறே?"

"மாசத்துல முதல் திங்கக்கிழமை, பத்து மணிக்கு. ஒரு தடவைகூடத் தப்பினதில்ல."

"அதான் தப்பு. அளக்கறாங்கன்னு தெரிஞ்சா எவனா இருந்தாலும் மூச்சப் பிடிச்சு வயித்த எக்கிக்குவான். நான் கையில நாடாவ வச்சுக்கிட்டுப் பையன் படிப்பு என்னாச்சுன்னு கேப்பேன். அவன் பெருமூச்சு விடுவான். வயிறு தன்னால வெளிய வந்துரும். அப்ப அளப்பேன்."

"கிணத்துகிட்ட யாரு படிப்பக் கேக்கறது?"

"கேக்க வேணாம். சொல்லாமப் போய் நில்லு."

வியாழக்கிழமை மத்தியானம் சொல்லாமல் போய் நின்றாள். முப்பத்தொன்று புள்ளி நாற்பது. நாடாவில் கோடு கத்தியால் கிழித்தது போல் இருந்தது. ஆக, ஏழாம் நம்பர் எக்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

முதல் திங்கட்கிழமை பத்துக்குப் பதில் ஒன்பதே முக்காலுக்கே போய்ச் சேர்ந்தாள். மூடி திறந்து கிடந்தது. அதன் பூட்டு துருப்பிடித்து விழுந்து மூன்று வருடம், புதுப் பூட்டுக்கான விண்ணப்பம் பரிசீலனையில் இருந்தது. தெருச் சங்கத் தலைவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, நாலு வீட்டு ஹோஸ் பைப்பை ஒன்றோடொன்று சொருகி, குழாய்க்குள் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். முகத்தில், நோயாளிக்குக் கஞ்சி புகட்டுகிறவரின் கனிவு.

"என்ன சார் பண்றீங்க?"

தலைவர் பைப்பை மறைக்கப் பார்த்தார். பைப் அறுபது அடி.

"வாம்மா. இன்னிக்கு சீக்கிரமா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க சார்."

"நோட்டீஸ் ஒட்டியிருந்தீங்கல்ல. முப்பது மீட்டருக்குக் கீழ போனா அந்தத் தெருவுல புது போர் போட விடமாட்டோம்னு. பரிச்சைன்னா பாஸாக வேணாமா? நாங்க ஒண்ணும் எடுக்கலையேம்மா. ஊத்தத்தானே செஞ்சோம்."

புது போர் போட அனுமதி வாங்குவதற்காக, குடிக்க வந்த தண்ணீரைப் பூமிக்குள் திருப்பி அனுப்பும் தெரு உலகத்தில் வேறெங்கும் இருக்குமா என்பது சந்தேகம். வேறொருத்தியாக இருந்தால் சண்டை பிடித்திருப்பாள். டேப்பக்கா குந்தி உட்கார்ந்து நோட்டைப் பிரித்தாள்.

"நிறுத்திட்டீங்களா? சரி, அப்படியே விடுங்க. மணி என்ன?"

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நாடாவை இறக்கினாள். இருபத்திரண்டு. இருபத்தைந்து. இருபத்தேழரை. நாற்பது நிமிடத்தில் முப்பத்தொன்றைத் தொட்டது. தலைவர் தேர்வு முடிவு பார்க்கிற தகப்பன் மாதிரி ஒவ்வொரு முறையும் எட்டிப் பார்த்தார்.

"அவ்வளவும் குடிச்சிருச்சா?"

"குடிச்சிருச்சு. நல்ல தாகம் சார் உங்க தெருவுக்கு."

அன்று மாலை இன்ஜினியர் நோட்டின் அந்தப் பக்கத்தை நெடுநேரம் பார்த்தார். மழைநீரை மண்ணுக்குள் இறக்க ஓர் உறிஞ்சுகுழி வெட்ட, வேகமாகக் குடிக்கிற இடத்தைத் தேடி இரண்டு வருடமாகக் கூட்டம் போட்டுக்கொண்டிருந்த அலுவலகம் அது.

"குழாய் ஓட்டை இல்லங்கிற."

"மூடிதான் சார் ஓட்டை. ஒரு பூட்டு குடுத்தீங்கன்னா போதும்."

ஏழாம் நம்பர் லிஸ்டில் தங்கியது. நோட்டில் முப்பத்தொன்று புள்ளி நாற்பது ஏறியது. அந்தத் தெருவுக்குப் புது போர் கிடையாது என்றும் ஆயிற்று. உறிஞ்சுகுழியை ஏழாம் நம்பருக்குப் பக்கத்திலேயே வெட்டுவதென்று முடிவாகி, மொட்டைமாடி மழையைச் சாக்கடைக்கு விடாமல் உறிஞ்சுகுழிக்குத் திருப்பச் சொல்லி எல்லா வீட்டுக்கும் கடிதம் போனது.

அடுத்த மாதத்தின் முதல் திங்கட்கிழமை தலைவர் அவளுக்காகக் குழாயடியில் காத்திருந்தார்.

"போர் இல்லன்னு ஆயிருச்சு, போகட்டும். ஒண்ணு மட்டும் சொல்லு. நாங்க மூணு மாசமா ஊத்தினோமே, அது எங்க போச்சு?"

"சரிவு கிழக்கால. எட்டாம் நம்பர் பக்கமா நகந்திருக்கலாம். தெரியல சார். பாத்தாத்தான் தெரியும்."

"எட்டாம் நம்பர்னா அந்த லாண்டரித் தெருவா?" தலைவர் கிழக்கே திரும்பிப் பார்த்தார். "அவங்களுக்கா ஊத்தினோம்?"

"அளந்தாத்தானே சார் தெரியும்."

தலைவர் வீட்டுக்குள் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார். "நட, நானும் வரேன்" என்றார். சாக்பீஸ் டப்பாவை அவர் கையில் கொடுத்துவிட்டு, டேப்பக்கா நாடாவைத் தோளில் போட்டுக்கொண்டு கிழக்கே நடந்தாள்.