ஹோல்டு பாட்டுக்கு லேபிள்

"ரோஸ்மேரியா? அந்த வாயாடி ஆபரேட்டர்தானே?" என்று யாராவது கேட்டால் எனக்கு இன்றைக்கும் சுர்ரென்று ஏறும். பேசக் கூடாத இடத்தில் அவள் ஒரே ஒரு தடவைதான் பேசினாள். அதுவும் நாலே வார்த்தை. அந்த நாலு வார்த்தை அவள் வாயில் எப்படி வந்தது என்று பக்கத்திலிருந்து பார்த்தவள் நான்.

2006 வாக்கில் வீரபாண்டியில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் நான் லேபிள் ஸ்டோரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தப் பனியனின் கழுத்தில் எந்த நாட்டுக்காரர் பெயர் தொங்க வேண்டும் என்று எண்ணிக் கொடுக்கிற வேலை. ரோஸ்மேரி ரிசப்ஷனில் இருந்தாள். உடன்குடிப் பக்கத்திலிருந்து தையலுக்கு வந்த குடும்பம். கான்வென்ட் படிப்பு, நல்ல இங்கிலீஷ், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கீபோர்டு. போனை எடுத்து அவள் "குட் மார்னிங்" சொன்னால், திட்டக் கூப்பிட்டவன்கூட ஒரு நிமிடம் யோசிப்பான். என்னை "மயிலக்கா" என்பாள். முழுப்பெயர் மயிலாத்தாள் என்று தெரிந்த நாளில் அரைமணி நேரம் சிரித்தாள். அதற்குக்கூட எனக்குக் கோபம் வரவில்லை. அப்படிப்பட்ட பெண்.

அவள் வீடு அனுப்பர்பாளையத்தில் ஒரு லைன் வீடு. ஒரு பக்கத்துச் சுவரில் பாத்திரக் கடை. நாளெல்லாம் அண்டாவிலும் டம்ளரிலும் டக் டக்கென்று பேர் வெட்டுகிற சத்தம். மறுபக்கத்துச் சுவரில் வீடியோ கேம் கடை. அங்கே எல்லாரும் விழுந்து விழுந்து ஆடியது ஒரு ஜப்பான் சண்டை விளையாட்டு. இரண்டு பேர் எதிரெதிரே நின்று குத்திக்கொண்டே இருப்பார்கள். குத்துச் சத்தம், அலறல், நாற்காலி விழுகிற சத்தம். நானாக இருந்தால் வீட்டைக் காலி செய்திருப்பேன்.

"அந்தக் கூச்சலுக்கு அடியில ஒரு பாட்டு ஓடுது மயிலக்கா," என்றாள் ஒருநாள், சோற்றுப் பாத்திரத்தைத் திறந்துகொண்டே. "அவ்வளவு அழகா இருக்கு. ஒருத்தனும் கேக்க மாட்டேங்கான். பாவம், யாரு போட்டாவளோ!"

பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து போட்டவர் பெயரைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டாள். அங்கேயே இன்னொரு உலகத்தையும் கண்டுபிடித்தாள். இந்த மாதிரி விளையாட்டுப் பாட்டுகளின் மேல் பைத்தியமாக இருக்கிறவர்கள் அவற்றை வேறு வேறு விதமாக வாசித்துப் போடுகிறார்களாம். அவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு: முதலில் பாட்டைப் போட்டவர் பெயர், அதற்குக் கீழேதான் ரீமிக்ஸ் செய்தவர் பெயர். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் சேர்த்துக்கொள்ள மாட்டார்களாம்.

ரீமிக்ஸ் என்று அவள் சொன்னதும் நான் முகத்தைச் சுளித்தேன். அந்த வருடங்களில் ரீமிக்ஸ் என்றால், அருமையான பழைய பாட்டைப் பிடித்து வந்து டங்கு டங்கென்று தாளம் போட்டுச் சாகடிப்பது. ரோஸ்மேரி செய்தது தலைகீழ். அடிதடிப் பாட்டை எடுத்து, அடியையெல்லாம் கழற்றிவிட்டு, வேகத்தைப் பாதியாக்கி, கீபோர்டில் சாக்ஸஃபோன் குரலை வைத்து வாசித்தாள். ஸ்மூத் ஜாஸ் என்று அதற்குப் பெயராம். எனக்கு ஜாஸும் தெரியாது கீஸும் தெரியாது. ஆனால் கேட்டபோது, ஷிப்மென்ட் போன மறுநாள் காலை மாதிரி இருந்தது. யாருக்கும் எந்த அவசரமும் இல்லை.

எங்கள் கம்பெனி போனில் அதுவரை ஹோல்டில் காத்திருப்பவர்களுக்கு ஒரு கீங் கீங் ராகம் ஓடும். அதைக் கேட்டு, சரக்கு வாங்குகிற பையர்கள் எரிச்சலாகி, அந்த எரிச்சலை ரோஸ்மேரி மேல் காட்டுவார்கள். அவள் முதலாளியிடம் அனுமதி வாங்கி, போன் மெக்கானிக்கை வைத்து, மேசைக்கு அடியில் ஒரு பழைய சிடி பிளேயரை இணைத்துத் தன் பாட்டை ஓடவிட்டாள். திட்டு குறைந்தது. சாயம் போடுகிற டையிங்காரர்கள்கூட "பரவாயில்லீங்க, மெதுவா லைன் குடுங்க" என்றார்கள்.

பிறகு ஓசாகாவிலிருந்து நிஷிமுரா என்கிற பையர் நேரில் வந்தார். ஷோரூமில் லேபிள் அட்டைகளோடு நான் நிற்கிறேன். மனிதர் துணியைத் தொடவில்லை. "உங்கள் போனில் வருகிற பாட்டு, என் காலேஜ் காலத்து விளையாட்டு! இவ்வளவு சாந்தமாக யார் வாசித்தது?" என்று கேட்டார். அந்த அளவு இங்கிலீஷ் எனக்கும் புரியும்.

முதலாளியின் மருமகன் அருள்குமார் எந்தக் கூச்சமும் இல்லாமல் சொன்னான்: "மைசெல்ஃப், சார்."

கீபோர்டில் எது கறுப்பு, எது வெள்ளை என்றுகூட அந்த ஆளுக்குத் தெரியாது. நிஷிமுரா எழுந்து நின்று அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஊருக்குப் போனதும் அந்த விளையாட்டின் அசல் பாட்டு சிடி ஒன்றைப் பரிசாக அனுப்பினார். அருள்குமார் அதைப் பிரிக்கவே இல்லை. மேசையில் போட்டு, அதன்மேல் டீ டம்ளரை வைத்துக் குடித்தான்.

நடந்ததை நான் சொன்னதும் ரோஸ்மேரி நேராக முதலாளி அறைக்குப் போனாள். துணைக்கு நானும் போனேன். முதலாளி ஞானசம்பந்தம் நெசவுக் குடும்பத்து மனிதர், பழனிக்கு நடந்தே போகிறவர். நியாயம் கிடைக்கும் என்று நம்பினேன்.

"அந்தப் பாட்டை நீங்க போட்டதாச் சொன்னீங்களாமே?" என்று அவள், அங்கேயே ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருந்த அருள்குமாரைக் கேட்டாள்.

"கம்பெனி போனு, கம்பெனி கரண்டு. இதுல நீ என்ன, நான் என்ன? அதுவுமில்லாம நீயே எவனோ போட்டதைத்தானே எடுத்தே?"

"எடுத்தேன். எடுத்தேம்னு சொல்லித்தான எடுத்தேன். அவரு பேரைச் சொல்லாம நான் யாருக்காவது போட்டுக் காட்டியிருக்கேனா?"

முதலாளி சிரித்தார். "ஏங் கண்ணு, இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கலாமா? நாம தெக்கிற பனியனெல்லாம் நம்ம பேருலயா போகுது? வுட்டுத் தள்ளு சாமி."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பனியனுக்குப் பேர் வேண்டாம் என்கிற இதே மனிதர் முருகன் கோயிலுக்குக் கொடுத்த அன்னதான அண்டாவில் என்ன வெட்டியிருந்தார் என்று எனக்குத் தெரியாதா? அவர் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர், கம்பெனி பெயர். சோறு வடிக்கிற ஆள் கை வைக்க இடமில்லை. ஆபீஸ் டம்ளரில்கூட அவர் பெயர். பத்து ரூபாய் டம்ளர் காணாமல் போகாமல் இருக்கப் பேர் வெட்டுகிற ஊரில், ஒரு பெண் மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்ததற்குப் பேர் வேண்டாமாம்! கேட்டால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறாளாம்!

ரோஸ்மேரி வெளியே வந்தாள். அடுத்த வாரம் ஹோல்டில் பாட்டு முடிகிற இடத்தில் அவள் குரல் வந்தது. இங்கிலீஷில், அவளுடைய குட் மார்னிங் குரலில், முதலில் அந்த ஜப்பான்காரர் பெயர். பிறகு, "ரீமிக்ஸ், ரோஸ்மேரி, ரிசப்ஷன்."

மூலனூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த முதலாளி ஆபீசுக்குப் போன் செய்து, தன் கம்பெனி ஹோல்டிலேயே தான் மாட்டிக்கொண்டு அதைக் கேட்டார். வந்ததும் ரிசப்ஷனிலேயே கத்தினார். "யாரைக் கேட்டு உன் பேரைப் போட்டே?"

"லேபிள் இல்லாம ஒரு பீஸும் கேட்டைத் தாண்டக் கூடாதுன்னு நீங்கதான சார் போர்டு மாட்டியிருக்கீங்க?"

ஸ்டோர் வாசலில் நின்று நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். முதலாளி சிரிக்கவில்லை. பழைய ராகத்தையே போடச் சொன்னார். "பேரு வேண்டாம்னா பாட்டும் வேண்டாம்," என்று அவள் சிடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டாள். கீங் கீங் திரும்ப வந்தது. ஆபரேட்டர் வேலைக்கு ஒரு சட்டம் உண்டு என்று முதலாளி அன்றைக்கு அவளுக்குப் பாடமும் எடுத்தார்: லைன் கொடுத்துவிட்டால் ரிசீவரை வைத்துவிட வேண்டும், அப்புறம் ஆபரேட்டர் என்று ஒருத்தி இருப்பதே யாருக்கும் தெரியக் கூடாது.

சில நாள் கழித்து ஓசாகா ஆர்டருக்கு லேபிள் ஒப்புதல் வாங்க முதலாளி அறைக்குப் போயிருந்தேன். அருள்குமாரும் இருந்தான். நிஷிமுராவுக்கு லைன் போடச் சொன்னார்கள். ரோஸ்மேரி அவரைப் பிடித்து, ஹோல்டில் வைத்து, லைனைக் கொடுத்தாள். முதலாளி ஸ்பீக்கரை அழுத்தினார். வணக்கம்கூடச் சொல்லாமல் நிஷிமுரா கேட்டார்: "பாட்டு எங்கே? போன தடவை பாட்டு முடிவில் ஒரு பெயர் காதில் விழுந்ததே, ரோஸ்மேரி என்று. அவர்தானா வாசித்தது? அவர் எங்கே?"

அருள்குமார் முதலாளியைப் பார்த்தான். முதலாளி லேபிள் அட்டையைப் பார்த்தார்.

"ஷி லெஃப்ட் தி கம்பெனி, சார்," என்றான் அருள்குமார்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ரோஸ்மேரி எழுந்து நிற்பது தெரிந்தது. ரிசீவர் அவள் காதிலேயே இருந்தது. ஸ்பீக்கரில் அவள் குரல் வந்தது.

"ஐ ஆம் ஹியர், சார்."

ஓசாகாவில்தான் முதலில் குரல் எழும்பியது. "ஆ, ரோஸ்மேரி!" என்றார் அவர், முழுப்பெயரையும் நிதானமாக.

அருள்குமார் மேசையில் இருந்த டீ டம்ளரைத் தூக்கி ஓரமாக வைத்தேன். பளபளவென்று முதலாளி பெயர் வெட்டிய டம்ளர். அதற்கு அடியில் இருந்த சிடியை எடுத்து, டீக் கறையை முந்தானையில் துடைத்து, அவர்கள் இருவரும் பார்க்கப் பார்க்க ரிசப்ஷனுக்குக் கொண்டுபோய் அவள் கையில் கொடுத்தேன்.