சகலையின் வாரம்

கோழிப்பண்ணையில் ஒவ்வொரு கொட்டகைக்கும் ஓர் அட்டை தொங்கும். கோழிக்கு எத்தனை வார வயது, எவ்வளவு தீவனம் தின்றது, எத்தனை முட்டை இட்டது என்று நாள் தவறாமல் எழுதி வைக்கிற அட்டை. அப்படிப்பட்ட ஓர் அட்டையின் பின்பக்கத்தில்தான் என் சகலை இங்கிலாந்துக் கால்பந்து அணிகளை வரிசையாக எழுதி, அடுத்த ஆறு வாரம் யாருக்கு யாருடன் ஆட்டம் என்று பச்சையும் சிவப்புமாகக் கட்டம் போட்டு என் முன்னால் நீட்டினார். மாமனார் ஊரில் கெடாவெட்டு முடிந்து, தின்ற கறிக்குக் கண் சொருகிக்கொண்டு ஆண்கள் எல்லாம் ஆளுக்கொரு மூலையில் சாய்ந்திருந்த மத்தியானம் அது. பச்சைக் கட்டம் சுலபமான ஆட்டம், சிவப்பு கடினமான ஆட்டம் என்றார். நான் பாதித் தூக்கத்தில், “நம்மூர் ஆளுக யாராச்சும் ஆடறாங்களா?” என்று கேட்டேன். “நாமதானுங்க ஆடறோம்” என்றார்.

சகலை என்றால் என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். நாமக்கல் பக்கம் ஒரு கோழித்தீவன ஆலையில் மேற்பார்வை. நான் சங்ககிரியில் லாரி புக்கிங் ஆபீஸ். அவர் சொன்ன விளையாட்டு இதுதான். அந்த நாட்டு அணிகளில் ஆடுகிற நிஜமான ஆட்டக்காரர்களிலிருந்து பதினைந்து பேரை, கொடுத்த பண வரம்புக்குள், நாம் செல்போனில் பொறுக்கிக்கொள்ள வேண்டும். அவர்களில் பதினொருவர் ஆட, நால்வர் வெளியே உட்காருவார்கள். அந்த வாரம் மைதானத்தில் அவர்கள் கோல் போட்டால், கோலைத் தடுத்தால் நமக்குப் புள்ளி. ஒருவனைக் கேப்டன் என்று குறித்தால் அவன் புள்ளி இரட்டிப்பு. வாரத்துக்கு ஓர் ஆளை மாற்றலாம், அதற்குமேல் மாற்றினால் புள்ளி பிடிப்பார்கள். எல்லாவற்றையும் முதல் ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். பெரும்பாலும் நமக்கு அது சனிக்கிழமை மத்தியானம் மூன்றரை மணியாக இருக்கும். ஆலையில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து தங்களுக்குள் ஒரு போட்டி நடத்திக்கொண்டிருந்தார்கள். இதில் என்ன இருக்கிறது என்று நானும் முதலில் கேலிதான் பேசினேன். அந்த வருஷமே அவரோடு ஒரே அணிக்கு இரண்டு முதலாளியாகச் சேர்ந்தும்விட்டேன்.

சகலை அணி சேர்க்கிற விதம் தீவனம் கலக்கிற விதம்தான். மக்காச்சோளம் கிடைக்காத மாதத்தில் கம்பைப் போட்டுச் சத்தைச் சரிக்கட்டுகிற மூளை அவருடையது. பேர் பெற்றவர்கள் இரண்டு மூன்று பேருக்கே வரம்பில் பாதியைக் கொடுத்துவிட்டு, மீதிக்கு யாரும் கண்டுகொள்ளாத தடுப்பாட்டக்காரர்களைத் தேடிப் பிடிப்பார். “பேரைப் பாக்காதீங்க சகலை, எத்தனை நிமிசம் ஆடறான்னு பாருங்க” என்பார். பெனால்டி யார் உதைக்கிறான், வார நடுவில் வெளிநாட்டுக்குப் போய் ஆடிவிட்டு யார் களைத்து வருகிறான், எந்தப் பயிற்சியாளர் ஆளை மாற்றி மாற்றி உட்காரவைக்கிறவர் என்று எல்லாம் அந்த அட்டைகளில் ஏறும். வெள்ளிக்கிழமைகளில் பயிற்சியாளர்கள் பத்திரிகைக்காரர்களிடம் பேசுவதைக் கேட்டுவிட்டு, காயம் பட்டவர்களின் பட்டியலையும் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்வார். என் பங்குக்கு லாரி ஆபீஸ் அறிவு கொஞ்சம் இருந்தது. ஒர்க்‌ஷாப்பில் நிற்கிற வண்டியை நம்பி லோடு எழுதக் கூடாது என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். கால் பிடிப்பு என்று செய்தி வந்த ஆளை நான் ஒரு நிமிஷம்கூட வைத்திருக்க மாட்டேன். அவர், “கோழி ஒருநாள் முட்டை உடலைன்னா அறுத்துருவீங்களா?” என்று சிரிப்பார். மொத்த அணியையும் கலைத்துப் புதிதாகப் போட்டுக்கொள்ள வைல்டு கார்டு என்று ஒன்று உண்டு. தோற்ற வாரத்தில் எனக்கு அதன்மேல் கை பறக்கும். “கோவத்துல வைல்டு கார்டைத் தொடக்கூடாதுங்க” என்று தடுப்பார். கேப்டன் யார் என்பதில் இரண்டு பேருக்கும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. அதனால் ஒரு வாரம் அவர், ஒரு வாரம் நான் என்று முறை வைத்துக்கொண்டோம். தன் வாரமில்லாத ஆள் யோசனை சொல்லலாம், கை வைக்கக் கூடாது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அவர்கள் புது வீடு கட்டிப் பால் காய்ச்சினார்கள். எங்கள் பக்கத்தில் உடன்பிறந்தாள் வீட்டுக்குப் புருஷனும் பெண்டாட்டியுமாக நேரில் வந்து, வெற்றிலை பாக்கு வைத்துத்தான் அழைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வருகிறோம் என்றார்கள். அந்த ஞாயிறு ஆலையில் இயந்திரம் நின்றுபோய், சகலையால் நகர முடியவில்லை. அடுத்த நாள் பத்திரிகையைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினாள் கொழுந்தியாள். என் மனைவி போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள். “வெத்தலை பாக்கு வெக்காத ஊட்டுக்கு நாம ஏனுங்க போகோணும்? நான் என்ன அவளுக்கு அசலூர்க்காரியா?” அக்கா வராத வீட்டில் பால் பொங்கியது தங்கைக்கு ஆறாத அவமானம். இரு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றது. பெண்கள் சண்டையில் ஆண்கள் தனியாகப் பேசிக்கொள்வது துரோகம் என்பதும் எங்கள் ஊர் வழக்கம்தான். குலசாமி படத்துக்கு முன்னால் நிறுத்தி, அந்த வீட்டாரோடு பேசுவதில்லை என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள் என் மனைவி. அங்கேயும் அப்படியே ஒரு சத்தியம் நடந்திருக்கிறது. பெற்றவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டிருந்தார்கள், கூடப் பிறந்த ஆண்பிள்ளை கிடையாது, நடுவில் நின்று சேர்த்துவைக்க ஆளில்லை.

சத்தியம் செய்தது பேசுவதில்லை என்றுதானே? அணி அப்படியே இருந்தது. ஒரே பாஸ்வேர்டு, இரண்டு போன். முறைப்படி ஒரு வாரம் அவர் ஆளை மாற்றுவார், மறு வாரம் நான். அவர் மாற்றியதைப் பார்த்தால் மனிதர் நன்றாக இருக்கிறார் என்று தெரிந்துகொள்வேன். ஒரு வாரம் அணியின் பெயர் மாறியிருந்தது. “பாப்பா பாஸுங்க” என்று இருந்தது. அவர் மகள் பரீட்சையில் தேறியதைச் சொல்கிறார்! நாலு வார்த்தைக்கு மேல் இடம் கொள்ளாத அந்தக் கட்டம்தான் அதற்குப் பிறகு எங்கள் தபால் பெட்டி. திருவிழாச் சமயத்தில் “நோம்பிக்கு ஊருக்கு வாரீங்களா” என்று அவர் எழுதினால், நான் மறுநாள் “அக்கா உடமாட்டீங்கறா” என்று பெயர் வைப்பேன். போட்டியிலிருந்த ஆலைக்காரர்கள், எந்த ஊர் டீமுங்க இது என்று அவரைக் கேட்டுச் சிரிப்பார்களாம். நாங்கள் பட்ட வெட்கம் எங்களுக்கு. புரட்டாசி பிறந்த சமயம், “தீவாளிக்குள்ள சேத்தோணுங்க” என்று எழுதினார். நானும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு வீட்டுக்கும் மிச்சமிருந்த ஒரே நூல் அந்தப் பெயர்க் கட்டம், அது அறுந்துவிடக் கூடாது என்ற பயம் எனக்கு எப்போதும் இருந்தது.

அறுத்தவன் நான்தான். அந்த வாரம் சகலையின் முறை. முன்வரிசை ஆட்டக்காரன் ஒருவனைக் கேப்டனாகப் போட்டிருந்தார். சனிக்கிழமை மூன்று மணிக்கு, அவன் பயிற்சியில் நொண்டினான் என்று எங்கோ ஒரு செய்தி பார்த்தேன். ஒர்க்‌ஷாப் வண்டி நினைப்பு வந்துவிட்டது. அவரிடம் கேட்க வழியில்லை, கேட்டு எழுதிப் பதில் வர நேரமும் இல்லை. கேப்டனை மாற்றிவிட்டேன். நொண்டினான் என்றவன் அன்று மூன்று கோல் போட்டான். நான் குறித்த ஆளை இடைவேளையோடு வெளியே உட்காரவைத்தார்கள். ஆலைப் போட்டியில் முதலில் இருந்த நாங்கள் நாலாவது இடத்துக்குப் போனோம். சகலை பெயர்க் கட்டத்தில் ஒன்றுமே எழுதவில்லை. அவர் திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, செவ்வாய்க்கிழமை நானே “இந்த வாரமும் உங்களுது” என்று அணிக்குப் பெயர் மாற்றினேன். என் முறையை அவருக்கு விட்டுக்கொடுக்கிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். நேராக மன்னிப்புக் கேட்கிற பழக்கம் எங்கள் குடும்பங்களில் இல்லை. சனிக்கிழமை வந்தது. அணியில் இரண்டு பேருக்குக் காயம், போனில் அவர்களுடைய சட்டைப் படத்துக்குப் பக்கத்தில் சிவப்பு முக்கோணம். மூன்றரை ஆனது. யாரும் மாற்றவில்லை. சரி, கோபம் இன்னும் தீரவில்லை என்று நினைத்தேன். அடுத்த வாரம் முறைப்படியே அவருடையது. அன்றும் ஆபீஸில் டிரைவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டே போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றும் ஒன்றும் நடக்கவில்லை. அதற்கடுத்தது என் வாரம். அதற்குள் எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. வயதில் மூத்தவன், மூத்தவளைக் கட்டியவன், இறங்கி வந்து பெயர் மாற்றியும் இந்த மனுஷன் இத்தனை பிகு பண்ணுகிறாரே என்று மனசுக்குள் வைதேன். காயம் பட்டவர்கள் மூன்று பேராகியிருந்தார்கள். ஆனாலும் தொடவில்லை. வீம்புக்கு மருந்து எந்தக் கடையில் விற்கிறது?

அந்த மூன்றாவது சனிக்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமை காலையில் ஆலையிலிருந்து ஒருவர் ஆபீஸுக்குப் போன் செய்து, சகலை தவறிவிட்டார் என்றார். நான் கேப்டனை மாற்றிக் கெடுத்த அந்த வாரத்துக்கு அடுத்த புதன்கிழமையே அவருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டிருக்கிறது. சேலத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார். அக்கா காதுக்குப் போகக் கூடாது என்று ஆலைக்காரர்களிடமும் தங்கை சொல்லிவைத்திருந்தாள். அவள் சொல்லாத சொந்தக்காரர்களோ, கூடப்பிறந்தவளுக்குத் தெரியாமலா இருக்கும் என்று பேசாமல் இருந்துவிட்டார்கள். சங்ககிரிக்கும் சேலத்துக்கும் எவ்வளவு தூரம்? தினம் எத்தனை வண்டி அனுப்புகிறேன் அந்த வழியாக.

இழவு வீட்டு வாசலில் என் மனைவி இறங்கிய உடனே தங்கை ஓடி வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் போட்ட கூப்பாட்டில் வெற்றிலையும் போயிற்று, பாக்கும் போயிற்று. எந்தச் சண்டைக்காக நாங்கள் இரண்டு ஆம்பளைகள் சத்தியத்தைக் கட்டிக் காத்தோமோ, அது ஓர் அழுகையில் முடிந்துபோனது. இப்போது அக்காவும் தங்கையும் தினம் ஒரு மணி நேரம் போனில் பேசுகிறார்கள். குழம்புக்கு என்ன வைத்தாய் என்பதில் தொடங்கி ஊர் முழுக்கச் சுற்றி வருகிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் அந்தப் பேச்சு காதில் விழும்போதெல்லாம் எழுந்து வெளியே போய்விடுகிறேன். அலுப்பாக இருக்கிறது. சனிக்கிழமை மூன்று மணியானால் கை தானாகப் போனைத் தேடுகிறது. ஆலைக்காரர்கள் ஒவ்வொரு ஆடியிலும் புது சீசனுக்குக் கூப்பிடுகிறார்கள். வயசாயிற்று, கண் தெரியவில்லை என்று ஏதாவது சொல்லித் தப்பித்துக்கொள்கிறேன்.

கருமாதி முடிந்த அன்று சாயங்காலம், பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கொழுந்தியாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “ஒண்ணு கேக்கோணுமுங்க மாமா” என்றாள்.

“அந்த மூணு சனிக்கிழமையும் மத்தியானம் ஆனாப் போதுமுங்க, போனைக் கண்ணுக்கு நேராப் புடிக்கச் சொல்லுவாரு. கை வராது, வாயும் கோணிப்போச்சு. சட்டை சட்டையா வரிசையாப் படம் இருக்குமே, அதையேதான் பாத்துட்டிருந்தாரு. மொத நாளு அதுக்கு மேல என்னமோ எழுதியிருந்ததைப் பாத்து ஒரு பக்கமாச் சிரிச்சாருங்க. என்ன வேணும், யாருக்காச்சும் போன் போடட்டுமான்னா வேணாம்னு தலையாட்டுவாரு. ‘சித்தெ இரு, சகலை இப்ப மாத்தீருவாரு’ன்னு கொழறிக் கொழறிச் சொல்லுவாரு. மூணரை தாண்டுனதும் கண்ணை மூடிக்குவாரு. எதை மாமா நீங்க மாத்தோணும்னு பாத்துட்டிருந்தாரு?”

“ஒண்ணுமில்ல சாமி” என்றேன்.

அந்த மூன்று சனிக்கிழமையும், மூன்றரை மணி அடிக்கிற வரைக்கும், அதே பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அவர் மாற்றட்டும் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.